விதைக்குள் இருக்கும் புரதப் பைகள்

ஆமணக்குப் பிண்ணாக்கு நல்ல எரு என்பது குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். நெல்லுக்கும் கரும்புக்கும் தோட்டக்கால் பயிர்களுக்கும் அதனைத் தூள் செய்து இடுவது நெடுநாளைய வழக்கம். அதே பிண்ணாக்கை மாடு தின்றுவிட்டால் நோய்ப்பட்டு மாள்வதும் உண்டு. கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் மாட்டுத் தொட்டியில் கரைக்கப்பெறுகின்றன. ஆமணக்குப் பிண்ணாக்கோ நேரே வயலுக்குச் செல்கின்றது. ஒரே பொருள் பயிருக்கு ஊட்டமாகவும் கால்நடைக்கு நஞ்சாகவும் இருப்பதற்குக் காரணம் யாது? எண்ணெயைப் பிழிந்தெடுத்த பின் எஞ்சும் சக்கையில் என்னென்ன பொருள்கள் உள்ளன, அவற்றை விதை தனக்குள் எவ்விடத்தில் வைத்திருந்தது என்று ஆராய்ந்து பார்த்தால், இவ்விரு குணங்களும் ஒரே பைக்குள்ளிருந்து வருவன என்பது விளங்கும். அப்பை கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியது.

விதை ஒவ்வொன்றிலும் முளைக்கரு ஒன்று அடங்கியிருக்கின்றது. மண்ணில் ஈரம் கண்டு அது முளைத்து, வேர் ஓடி, இலை விரிந்து பச்சை பிடிக்கும் வரையில் தனக்கு வேண்டிய உணவைத் தானே தேடிக்கொள்ள இயலாது. தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோற்றையே அது உண்ண வேண்டும். அச்சோறு மாவாகவோ எண்ணெயாகவோ இருக்கலாம். நெல்லில் மாவு மிகுதி. ஆமணக்கில் விதையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். ஆயினும் மாவையும் எண்ணெயையும் மட்டும் கொண்டு இளஞ்செடி உடலை அமைத்துக்கொள்ள முடியாது. புதிய உயிரணுக்கள் உண்டாவதற்குத் தழைச்சத்து இன்றியமையாதது. மாவிலும் எண்ணெயிலும் அது கிடையாது. ஆகவே எல்லா விதைகளும் புரதத்தையும் சேமித்து வைக்கின்றன. புரதத்தின் எடையில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு தழைச்சத்து ஆகும். இதனாலேயே ரஸாயன பரிசோதனை செய்வோர் ஒரு பொருளில் உள்ள தழைச்சத்தை 6.25 ஆல் பெருக்கி அதன் புரத அளவைக் கணக்கிடுகின்றனர். ஆமணக்குப் பிண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு உண்டு. அதாவது, வயலில் தூவப்படும் பிண்ணாக்கின் எடையில் கால் பாகத்துக்கு மேற்பட்டது புரதமே.

புரதம் இருக்கும் இடம்

தாவர உயிரணு ஒன்றைச் சிறிய அறையாக எண்ணிக்கொண்டால், அவ்வறைக்குள் மெல்லிய சவ்வினால் சூழப்பட்ட மற்றோர் உள்ளறை உண்டு. இதனை வாக்குவோல் என்பர். சாற்றறை என்று தமிழிற் கூறலாம். முதிர்ந்த இலையின் உயிரணுவில் பெரும்பகுதி இடத்தைச் சாற்றறையே அடைத்துக்கொண்டிருக்கும். அதில் நீர் நிறைந்திருப்பதனாலேயே இலை விறைத்து நிற்கின்றது. நீர் குன்றினால் வாடித் தொங்குகின்றது. செடி தனக்கு வேண்டிய பொருள்களையும், தன் உயிரணுவின் மற்றப் பாகங்களோடு கலவாமல் ஒதுக்கி வைக்க வேண்டிய பொருள்களையும் இவ்வறையிலேயே இட்டு வைக்கும். எலுமிச்சம்பழத்தின் புளிப்பும், கரும்பின் இனிப்பும், பீட்ரூட் கிழங்கின் செந்நிறமும் சாற்றறையில் உள்ளவையே. விதைகளில் இவ்வறை புரதக் களஞ்சியமாக அமைந்துவிடுகின்றது.

விதை முதிரும் காலத்தில் உயிரணுவில் பெரிய சாற்றறை ஒன்றுக்குப் பதிலாகச் சிறு சாற்றறைகள் பல காணப்படும். அவற்றுள் புரதம் சிறுகச் சிறுகச் சேர்ந்து, நீர் வற்ற வற்றக் கெட்டிப்பட்டு, முடிவில் ஒவ்வொன்றும் ஒரு மணிபோல் ஆகிவிடும். இவ்வாறு நிறைந்திருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. வெறும் நீர் நிறைந்த பை உலர்ந்தால் சுருங்கி உயிரணுவையே சிதைத்துவிடும். புரதம் திணித்த பை உலர்ந்தாலும் வடிவு கெடுவதில்லை. நன்கு காய்ந்த விதை மாதக்கணக்காக உயிரோடு கிடப்பதற்கு இதுவும் ஒரு துணையாகும்.

ஜெர்மனி தேசத்துத் தாவர சாஸ்திரியான தியோடர் ஹார்ட்டிக் என்பவர் 1855ஆம் ஆண்டில் இம்மணிகளை விவரித்து எழுதினார். மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி இவற்றுக்கு அலூரோன் மணிகள் என்ற பெயர் ஏற்பட்டது. இவற்றைக் காண்பதில் ஒரு சங்கடம் உண்டு. விதையை அரிந்து தண்ணீரில் வைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் மணிகள் கரைந்து உருக்குலைந்து போகும். எண்ணெயிலோ கிளிசரினிலோ வைத்துப் பார்த்தால்தான் உருவம் நிலைத்திருக்கும். தாவர நூல்களில் அலூரோன் மணிக்குப் படம் வரைவோர் பெரும்பாலும் ஆமணக்கையே எடுத்துக்கொள்வர். ஆமணக்குப் பருப்பின் மணிகள் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் சுமார் பத்துப் பங்கு அகலம் உள்ளவை. விதைகளின் கணக்கில் இது பெரிய அளவே. ஆகையால் உள்ளமைப்பு தெளிவாகத் தெரியும்.

மணிக்குள்ளே பட்டை தீட்டினாற்போன்ற படிகம் ஒன்றும், அதன் அருகில் ஓர் உருண்டையும், இவை இரண்டையும் சூழ்ந்து மெத்தென்ற பொருளும் காணப்படும். வில்ஹெல்ம் பெஃபர் என்பவர் 1872இல் இவ்வுருண்டையைப் பரிசோதித்து, அதில் மணிச்சத்து, மக்னீஷியம், சுண்ணாம்புச் சத்து ஆகியவை ஒரு கரிமப் பொருளோடு கூடியிருப்பதாகக் கண்டார். அதுவே ஃபைட்டின் என இப்பொழுது வழங்குவது. படிகமும் அதைச் சூழ்ந்த பொருளும் புரதங்கள். 1976இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆமணக்கின் மணிகளைத் தண்ணீர் படாமல் பிரித்தெடுத்துப் பாகம் பாகமாகச் சோதித்தனர். படிகம் தண்ணீரில் கரையாத புரதம். அது முளைக்கு உரிய உணவேயன்றி வேறன்று. சூழ்ந்துள்ள பொருளோ தண்ணீரில் எளிதிற் கரையும் பல புரதங்களின் கலவை. ஆமணக்கின் நஞ்சாகிய ரிசின் இக்கலவையில் இருந்தது.

பை நிரம்பும் விதம்

ரிசின் தாய்ச்செடிக்குத் தீங்கு செய்யாமல் அப்பைக்குள் எவ்வாறு வந்து சேர்கின்றது என்பது வியக்கத்தக்க செய்தி. காய் பிடிக்கும் பருவத்தில் இலைகளிலுள்ள புரதம் கரைந்து, அதன் தழைச்சத்து தண்டின் வழியே விதைக்கு ஏறுகின்றது. முதிர்ந்த கதிர் உள்ள செடியின் அடியிலைகள் பழுத்து உதிர்வதற்கு இது ஒரு காரணம். விதைக்குள் வந்த தழைச்சத்தினின்று அமினோ அமிலங்கள் உண்டாகின்றன. ரைபோசோம் எனப்படும் நுண்ணிய துகள்கள் அவ்வமிலங்களை மணிகோப்பதுபோல் கோத்துப் புரதமாக்குகின்றன. எல்லா உயிர்களிலும் புரதம் செய்யும் தொழிற்கூடம் ரைபோசோமே என்பதை இங்கு நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

உயிரணுவில் செய்யப்படும் புரதங்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் எது சாற்றறைக்குச் செல்ல வேண்டும் என்பதைப் புரதத்திலேயே பொறிக்கப்பட்ட அடையாளம் காட்டுகின்றது; தபாலில் இடும் கடிதத்துக்கு மேல்விலாசம் போன்றது அது. புரதங்கள் தமக்குள் விலாசத்தைத் தாங்கியுள்ளன என்பதைக் கண்டறிந்ததற்காக குந்தர் புளோபல் என்பவருக்கு 1999இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. விலாசம் பெற்ற புரதம் சவ்வுக் குழாய்களுக்குள் நுழைந்து, அங்கிருந்து சிறு பொதிகளாகக் கட்டப்பட்டுச் சாற்றறையை அடைகின்றது. உயிரணுவின் பொதுவெளியில் அது கால்வைப்பதே இல்லை.

ரிசின் இரு துண்டுகளால் ஆன புரதம். ஒரு துண்டு பிற உயிரணுக்களின் மேற்புறத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றொன்று அவ்வுயிரணுக்குள் புகுந்து ரைபோசோமைக் கெடுக்கும். எஸ்டோனியா நாட்டில் உள்ளதும் அக்காலத்தில் டோர்பாட் என வழங்கியதுமான நகரில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்னும் மாணவர் 1888இல் இந்நஞ்சைப் பிரித்தெடுத்து, அது புரதமே என்று காட்டினார். அது ரைபோசோமை எவ்வாறு கெடுக்கின்றது என்பது தெரிய இன்னும் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பான் தேசத்தில் எண்டோ, ட்ஸுருகி என்னும் இருவர் 1987இல் இதனைக் கண்டுபிடித்தனர்: ரிசின் ரைபோசோமில் ஆயிரக்கணக்கான உறுப்புகளுள் ஒரேயொரு உறுப்பைப் பெயர்த்தெடுத்துவிடுகின்றது, அதனோடு அந்த ரைபோசோமின் தொழில் நின்றுவிடுகின்றது. ரிசின் துகள் ஒன்று நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ரைபோசோம்களைக் கெடுக்க வல்லது.

தாவரங்களின் ரைபோசோம்களுக்கும் இதனால் கேடு உண்டு. பிராணிகளைக் காட்டிலும் குறைவு, அவ்வளவே. ஆமணக்குச் செடி இரண்டு பூட்டுகளைப் போட்டுத் தன்னைக் காத்துக்கொள்கின்றது. நஞ்சு எப்பொழுதும் சவ்வுக்கு உட்புறமே இருத்தல் ஒரு பூட்டு. மற்றது, இரு துண்டுகளும் 12 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு இணைப்பினால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டே உண்டாதல். இவ்விணைப்பு உள்ள வரையில் ரிசின் ரைபோசோமை ஒன்றும் செய்யாது. சாற்றறைக்குப் போகும் விலாசமும் இவ்விணைப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றது என்று 2001இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சாற்றறையை அடைந்த பின் அங்குள்ள நொதிப்பொருள் இணைப்பை வெட்டி எறிகின்றது. விலாசமிட்ட உறை சேர வேண்டிய இடத்தில் கிழிக்கப்படுகின்றது. நஞ்சும் அப்பொழுதுதான் நஞ்சாகின்றது. விதைகளின் உணவுப் புரதங்களையும் இத்தகைய நொதிப்பொருளே சாற்றறைக்குள் வெட்டிப் பதப்படுத்துகின்றது. இதனை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1991இல் பிரித்தெடுத்ததும் ஆமணக்கு விதையிலிருந்தே.

பை காலியாகும் விதம்

விதை நீரை உறிஞ்சி முளைக்கத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாக நடைபெறுகின்றது. சாற்றறைக்குள் புளிப்பு ஏறுகின்றது. புரதத்தை அரிக்கும் நொதிப்பொருள்கள் வந்து சேர்கின்றன. படிகம் கரைந்து அமினோ அமிலங்களாகி முளையின் வித்திலைகளால் உறிஞ்சப்படுகின்றது. உருண்டையிலுள்ள ஃபைட்டின் உடைந்து மணிச்சத்தையும் மக்னீஷியத்தையும் விடுவிக்கின்றது. ரிசினுக்கும் விலக்கில்லை, காவலாக இருந்த அதுவும் சில நாட்களுள் அரிக்கப்பட்டு முளைக்கு உணவாகிவிடுகின்றது. காலியான சிறு பைகள் ஒன்றோடொன்று கூடி மறுபடியும் பெரிய சாற்றறையாகின்றன. கடைசியாக, பருப்பின் உயிரணுக்கள் தம்மையே கரைத்துக்கொள்கின்றன. அதற்கு வேண்டிய நொதிப்பொருளை அடக்கி வைத்திருக்கும் சிறு பொதிகளுக்கு ஆமணக்கின் லத்தீன் பெயரை ஒட்டி ரிசினோசோம் என்று பெயரிட்டுள்ளனர். முளைத்த ஆமணக்கங்கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வித்திலைகளின்மேல் வெண்பருப்பு கூழாகிச் சவ்வுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

வயலில் இட்ட பிண்ணாக்குக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே. முளை செய்யும் வேலையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை புரதத்தை அரித்து அமோனியாவாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் அவற்றை உறிஞ்சுகின்றது. நுண்ணுயிர்களுக்கு ரிசினும் ஒரு புரதமே. அதையும் அவை விட்டுவைப்பதில்லை. ஆகவே ஆமணக்குப் பிண்ணாக்கு இட்ட நிலத்தில் விளைந்த நெல்லிலோ காய்கறியிலோ நஞ்சு ஏறுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. புரதம் சிறுகச் சிறுகச் சிதைவதனால் தழைச்சத்தும் ஒரேயடியாகக் கரைந்து ஓடாமல் பயிருக்குக் கிடைக்கின்றது. கட்டியாக இட்டால் சிதைவு மிகவும் தாமதிக்கும். தூளாக்கி இடுமாறு கூறுவது இதனாலேயே.

கால்நடைகளுக்கு நேரும் அபாயம்

எண்ணெய் ஆட்டும்போது ரிசின் எண்ணெயோடு வருவதில்லை. அது எண்ணெயில் கரையாது; சக்கையில் தங்கிவிடும். மருந்துக்கு உதவும் விளக்கெண்ணெயில் நஞ்சின்மைக்கும் பிண்ணாக்கில் நஞ்சு இருப்பதற்கும் இதுவே காரணம். இயந்திரச் செக்குகளின் சூடு நஞ்சின் ஒரு பகுதியைக் கெடுக்கக்கூடும். அதனை நம்பிப் பிண்ணாக்கைத் தீவனமாக்குதல் கூடாது.

குதிரைகள் இந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும். ஆடுமாடுகள் அதற்கு அடுத்தபடி. கோழிகள் ஓரளவு தாங்கும். தின்றவுடனே குறி தோன்றாமல் சில மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பிறகு தீவனம் மறுத்தல், கடுமையான கழிச்சல், சில சமயம் இரத்தக் கழிச்சல், தளர்ச்சி ஆகியவை காணப்படும். இதற்கு மாற்று மருந்து இல்லை. நீரிழப்பைத் தடுத்து உயிரைத் தாங்கிப் பிடிப்பதே வைத்தியம். ஆதலால் சந்தேகம் தோன்றிய அக்கணமே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாட்டு மருந்துகளால் ஒரு நாளைக் கழிப்பது மாட்டை இழப்பதற்கு வழி. நாய்களும் எரு மூட்டைகளைக் கிளறித் தின்று மாண்டதுண்டு. எலும்புத் தூளும் ஆமணக்குப் பிண்ணாக்கும் கலந்த எருவின் வாசனை அவற்றை இழுக்கும். குழந்தைகள் அழகிய புள்ளிகளுள்ள விதையை எடுத்து வாயிலிடுவதும் உண்டு. முழுதாக விழுங்கிய விதை ஓடு உடையாமல் வெளியேறிவிடக்கூடும். கடித்து மென்றதே பேரபாயம் விளைப்பது. எவ்வாறாயினும் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே எருவுக்கு வாங்கிய ஆமணக்குப் பிண்ணாக்கைத் தீவனப் பிண்ணாக்கு இருக்கும் கொட்டகையில் வைத்தல் பெருந்தவறு. மூட்டைகள் ஒன்றுபோலவே இருக்கும். இருட்டில் கைமாறிப்போக எவ்வளவு நேரம் ஆகும்? தூளாக்கிய உலக்கையும் முறமும் கூடத் தீவனத்துக்குப் பயன்படலாகாது. வயலில் தூவிய பின் மண்ணோடு கலக்கும் வரையில் மாடுகளை அங்கே மேயவிடுதலும் தகாது.

பிண்ணாக்கின் நஞ்சைப் போக்கித் தீவனமாக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானதே. புரதமாதலால் ரிசின் ஈரச்சூட்டில் உருக்குலைந்து போகும். அதிக அழுத்தமுள்ள நீராவியில் ஒரு மணி நேரம் வேகவைத்தும், நூற்றுக்கு 4 பங்கு சுண்ணாம்பு சேர்த்தும் நஞ்சை நீக்கலாம் என்பதைப் பெங்களூரில் நடந்து 2005இல் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கின்றது. ஆனால் இது ஆலைக்குரிய வேலை. அண்டாவில் கொதிக்க வைத்துப் பார்ப்பதும், மாடு தின்னுகின்றதா என்று சோதிப்பதும் குடியானவர் செய்யத்தக்கவை அல்ல. பிண்ணாக்குக் கட்டியின் நடுப்பகுதிக்குச் சூடு எட்டியதா என்பதை வீட்டில் அறிய வழியில்லை.

அதே பையில் மற்றொரு சிறு புரதமும் உண்டு. அது நஞ்சன்று, ஆயின் அதன் தூசி மூக்கிலும் நெஞ்சிலும் பட்டால் சிலருக்குத் தும்மலும் இழுப்பும் உண்டாகும். அமெரிக்காவில் 1943இல் இது பிரித்தெடுக்கப்பட்டது. ரிசினைக் கெடுக்கும் சூட்டையும் இது தாங்கிக்கொள்ளும். பிண்ணாக்கை இடிப்பவரும் தூவுபவரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வதும், காற்றுக்கு எதிர்முகமாக நின்று தூவாமல் இருப்பதும் நல்லது.

ஆமணக்கின் இலையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ரிசின் பருப்பில் மட்டுமே சேமிக்கப்படுவது; இலையில் அது இல்லை. எரிப்பட்டுப் புழு ஆமணக்கிலையைத் தின்றே வளர்கின்றது. எனினும் ரிசினின் என்னும் வேறொரு பொருள் இலையில் உண்டு. ஆகையால் பசித்த ஆடுமாடுகளை ஆமணக்குக் கொல்லையில் அவிழ்த்து விடுவது அறிவுடைமையன்று.

பயறு வகைகளும் தானியங்களும்

இப்பைகள் ஆமணக்குக்கு மட்டும் உரியவை அல்ல. துவரை, உளுந்து, மொச்சை, கொள்ளு, காராமணி முதலிய பயறுகளின் பருப்பு முழுவதும் புரதப் பைகளும் மாவு மணிகளுமே. இவற்றில் புரதம் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை உண்டு. சோயா மொச்சையில் 40 பங்கை எட்டும். பயறுகளின் பைகளிலும் உணவுப் புரதத்தோடு காவற் புரதமும் கலந்தே இருக்கின்றது. ரிசினைப் போன்ற கொடுமை அவற்றுக்கு இல்லை, அவ்வளவே. சில பயறுகளில் குடலின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டு வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கும் புரதங்கள் உண்டு. வேறு சில, உணவைச் செரிக்கச் செய்யும் நொதிப்பொருளையே கட்டிப்போடும் புரதங்கள். இத்தகைய ஒன்றை மோஸஸ் குனிட்ஸ் என்பவர் 1945இல் சோயா மொச்சையிலிருந்து படிகமாகப் பிரித்தார். அதற்கு முன்பே, 1917இல், ஆஸ்போர்ன், மெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பச்சைச் சோயா மாவு கொடுத்த எலிகள் சரிவர வளரவில்லை என்றும், வேகவைத்த மாவு கொடுத்தவை நன்கு வளர்ந்தன என்றும் கண்டிருந்தனர்.

கொள்ளை ஊறவைத்து அவித்தே உழவு மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் கொடுப்பதும், மொச்சையை இரவெல்லாம் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பதும் இந்நாட்டின் பழைய வழக்கங்கள். புரதப் பை என்ற பெயரே ஏற்படாத காலத்தில் அதற்கு உரிய பக்குவத்தைக் கண்டவர்கள் இவர்கள். ராஜ்மா எனப்படும் சிவப்பு மொச்சையைக் குறித்து மட்டும் தனி எச்சரிக்கை தேவை. அதன் காவற் புரதம் வலிமையுள்ளது, அரைவேக்காட்டில் கெடாது. ஊறவைத்த நீரை வடித்துவிட்டுப் புது நீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு நன்றாக வேகவைத்த பின்னரே உண்ணுதல் வேண்டும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பது கொதிக்க வைப்பதற்கு ஈடாகாது.

தானியங்கள் யாவும் புரதத்தைச் சாற்றறையில் வைப்பதில்லை. மக்காச்சோளம் தன் புரதத்தின் பெரும்பகுதியைச் சவ்வுக் குழாய்களிலேயே கட்டிகளாக நிறுத்திவிடுகின்றது, சாற்றறைக்கு அனுப்புவதில்லை. இக்கட்டிப் புரதத்தில் லைஸின், டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலங்கள் மிகவும் குறைவு. மக்காச்சோளத்தை மட்டும் உண்டு வாழ்வோர் நலியும் காரணங்களுள் இதுவும் ஒன்று. நெல்லோ இரண்டு வழிகளையும் கையாளுகின்றது: சிறு பகுதியைக் குழாய்களில் நிறுத்தி, பெரும்பகுதியைச் சாற்றறைப் பைகளில் சேர்க்கின்றது. பைகளில் சேரும் பகுதி பயறுகளின் புரதத்துக்கு உறவானது; எளிதில் செரிப்பது. அரிசியில் புரதம் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கே ஆயினும், தரத்தில் அது மக்காச்சோளப் புரதத்துக்கு மேற்பட்டதாக இருப்பது இதனாலேயே. அரிசியின் மேற்புறத்தில் சில வரிசை உயிரணுக்கள் அலூரோன் மணிகளாலேயே நிறைந்தவை. தீட்டுவதால் இவ்வரிசை தவிடாகப் போய்விடுகின்றது.

ஃபைட்டினும் வேகாத பயறும்

மணிக்குள் இருக்கும் உருண்டையைப் பற்றிய செய்தி எஞ்சியிருக்கின்றது. விதையிலுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி ஃபைட்டினாகவே இருக்கின்றது. மனிதர் குடலிலும் கோழி, பன்றி இவற்றின் குடலிலும் ஃபைட்டின் போதிய அளவு சிதைவதில்லை. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் தடுக்கின்றது. கோழி தின்ற மணிச்சத்தில் பெரும்பகுதி எச்சத்தோடு போகின்றது. ஃபைட்டினைச் சிதைக்கும் நொதிப்பொருளைக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் வழக்கம் இதன்பொருட்டே வந்தது. அசைபோடும் கால்நடைகளுக்கு இக்குறை இல்லை. அவற்றின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஃபைட்டினைச் சிதைத்துவிடும். மனிதர் உணவில் முளைகட்டிய பயறு இக்குறையைப் பெரிதும் தணிக்கின்றது. முளைக்கும்போது விதையே தன் ஃபைட்டினை உடைக்கத் தொடங்கிவிடுவதால் இரும்புச் சத்து விடுபடுகின்றது.

ஆனால் முளைக்காத விதையிலும் ஃபைட்டின் சிதைவதுண்டு. அது தீமையாகவே முடிகின்றது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்காக வைத்திருந்த பயறு எவ்வளவு கொதித்தாலும் வேகாது என்பது இல்லத்தரசிகள் நன்கறிந்த குறை. வியாபாரியிடம் பழம்பயறு என்று சண்டை பிடிப்பதும் இதன்பொருட்டே. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இவ்வுருண்டையைச் சார்ந்தது என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து விதைக்குள் நொதிப்பொருளை எழுப்பிவிட, ஃபைட்டின் மெல்ல உடைகின்றது. அது பிடித்துவைத்திருந்த சுண்ணாம்புச் சத்தும் மக்னீஷியமும் பையை விட்டு வெளியேறி, உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசைப்பொருளில் போய்ச் சேர்ந்து அதனை இறுக்கிவிடுகின்றன. வேகும்போது கரைந்து நெகிழ வேண்டிய அப்பசை நெகிழ்வதில்லை, உயிரணுக்கள் பிரிவதில்லை, பயறும் மலர்வதில்லை. சமையலில் சிறிது ஆப்பச்சோடாவைச் சேர்த்தால் பயறு மசிவது, அதிலுள்ள சோடியம் சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதனால் ஆகும். ஆனால் இவ்வுப்பு மிகுந்தால் பயறின் சுவையும் வைட்டமின் சத்துக்களும் கெடும். அறுவடை செய்த பயறை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கடித்தால் படீரென உடையும் பதத்தில், தரையின் ஈரம் ஏறாதபடி பலகைமேல் அடுக்கி, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வைத்தால் இக்குறை நெடுங்காலம் தோன்றாது. கூரைத் தகட்டின்கீழ் வெப்பத்தில் அடுக்கிய மூட்டைகளிலும், மழைச்சாரல் படும் திண்ணை ஓரத்து மூட்டைகளிலுமே இது முதலில் தலைகாட்டும்.